டாக்டர் வி போட்ட கணக்கு

தொழில் தொடங்க ஆசைப்படும் இருபது வயதுக்காரர்கள் யாரை முன்மாதிரியாகச் சொல்கிறார்கள் என்று கவனித்துப் பாருங்கள். பெயர்கள் மாறும், கதை மாறாது. கல்லூரியைப் பாதியில் விட்டவர், கார் ஷெட்டில் நிறுவனம் தொடங்கியவர், முப்பது வயதுக்குள் பெரும்பணம் பார்த்தவர். மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையை நிறுவிய டாக்டர் கோ. வெங்கடசாமி இந்த வரிசையில் எந்த இடத்திலும் பொருந்தமாட்டார். அவர் படிப்பை விடவில்லை, படிப்புக்கு மேல் படிப்பு படித்தார். இருபது ஆண்டுகள் மதுரையில் அரசு மருத்துவராக இருந்தார். மற்றவர்கள் பென்ஷன் காகிதங்களைச் சரிபார்க்கும் வயதில், 58-இல், தொழிலைத் தொடங்கினார். அதனால் அவருக்கு நம்மவர்கள் வேறொரு மேடை ஒதுக்கிவிட்டார்கள். பள்ளி ஆண்டு விழாவிலும் சேவைச் சங்கக் கூட்டத்திலும் அவர் தியாகியாக வருவார்: விரல்கள் கோணிப்போன நிலையிலும் ஏழைகளுக்கு இலவசமாகப் பார்வை கொடுத்த மகான். கூட்டம் கைதட்டிவிட்டுக் கலையும். மகானிடம் ஆசி வாங்கப் போவார்கள், தொழில் கற்கப் போகமாட்டார்கள்.

2006 ஜூலை 7 அன்று, 87 வயதில் மறைந்த இந்த மனிதரிடம் இளைஞர்கள் எடுத்துக்கொள்ள வேண்டியது அவருடைய தியாகத்தில் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. துணிச்சலிலும் இல்லை. தியாகமும் துணிச்சலும் பலரிடம் இருக்கின்றன. அவர்களில் பெரும்பாலோர் ஒரு தெருவுக்கோ ஓர் ஊருக்கோ நல்லது செய்துவிட்டு ஓய்ந்துபோகிறார்கள். டாக்டர் வி என்று எல்லாரும் அழைத்த அவரிடம் கூடுதலாக ஒரு பழக்கம் இருந்தது. ஒரு துன்பத்தைப் பார்த்தால் அது மொத்தம் எவ்வளவு என்று எண்ணிப் பார்ப்பார். பிறகு அந்த எண்ணிக்கைக்கு ஈடுகொடுக்கும்படி தன் வேலைமுறையையும் விலையையும் ஆட்களையும் மாற்றி அமைப்பார். கையில் என்ன இருக்கிறது என்பதிலிருந்து கணக்கைத் தொடங்காமல், எவ்வளவு தேவை என்பதிலிருந்து பின்னோக்கிப் போடுவார். அரவிந்தின் பெரிய முடிவுகள் ஒவ்வொன்றையும் எடுத்துப் பார்த்தால் அடியில் இந்தக் கணக்குதான் தெரிகிறது.

அதற்கு முன், அவர் கண் மருத்துவத்துக்கு வந்து சேர்ந்த வழியைச் சொல்லியாக வேண்டும். எட்டயபுரத்துக்குப் பக்கத்தில் வடமலாபுரம் என்ற கரிசல் கிராமத்தில் 1918 அக்டோபர் 1 அன்று விவசாயக் குடும்பத்தின் மூத்த பிள்ளையாகப் பிறந்தார். சொந்தக்காரப் பெண்கள் கர்ப்ப காலத்தில் அடுத்தடுத்து இறந்ததைப் பார்த்து, பிரசவ மருத்துவராக வேண்டும் என்று ஆசைப்பட்டார். மதுரை அமெரிக்கன் கல்லூரி, பிறகு சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரி. 1944-இல் பட்டம் வாங்கி ராணுவ மருத்துவப் பிரிவில் சேர்ந்தார். அங்கே முடக்குவாதம் தாக்கியது. 1948-இல் ராணுவத்திலிருந்து வெளியே வந்தவர் நெடுநாள் படுக்கையிலேயே கிடந்தார். எழுந்தபோது கைவிரல்கள் நிரந்தரமாகத் திருகிப்போயிருந்தன. பிரசவம் பார்க்கும் வேலை இனி ஆகாது என்று தெரிந்த பிறகுதான் கண் மருத்துவத்துக்கு மாறினார். பேனாவைப் பிடிக்கவே பழகவேண்டியிருந்த அந்த விரல்களுக்கு ஏற்றபடி கருவிகளைச் செய்துகொண்டு, கத்தி பிடிக்கப் பயின்றார். அந்தக் கையால் வாழ்நாளில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட கண் அறுவை சிகிச்சைகள் செய்தார்.

இந்தப் பகுதியைத்தான் மேடைப் பேச்சாளர்கள் கண்ணீரோடு சொல்வார்கள். எனக்கு இதில் முக்கியமாகப் படுவது வேறு. மனசுக்குப் பிடித்த வேலையைக் கண்டுபிடி, மற்றதெல்லாம் தானாக நடக்கும் என்று இன்றைய இளைஞருக்கு ஓயாமல் சொல்லப்படுகிறது. வெங்கடசாமிக்குப் பிடித்த வேலை கிடைக்கவில்லை. கிடைத்த வேலையில் அவர் கை தேர்ந்தார், கை தேர்ந்த பிறகு அதில் ஈடுபாடு வளர்ந்தது, ஈடுபாடு வளர்ந்த பிறகு அந்தத் துறையின் மொத்தப் பிரச்சினையும் கண்ணில் பட்டது. இந்த வரிசைக்குக் காலம் பிடிக்கும். பிடிக்காத வேலையில் ஆயுளுக்கும் கிடக்கச் சொல்கிறேன் என்று இதை எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை. ஆனால் இருபத்திரண்டு வயதில் உள்ளத்தின் அழைப்பு கேட்கவில்லையே என்று கலங்குபவர்களுக்கு, முப்பது வயதைத் தாண்டித் தன் துறைக்குள் நுழைந்த ஒருவரின் வாழ்க்கை கொஞ்சம் மூச்சுவிட இடம் தருகிறது.

1956-இல் மதுரை மருத்துவக் கல்லூரியிலும், மதுரைக்காரர்கள் பெரியாஸ்பத்திரி என்று சொல்லும் அரசு மருத்துவமனையிலும் கண் பிரிவுத் தலைவரானார். அறுபதுகளில் கிராமம் கிராமமாகக் கண் முகாம் நடத்தினார். 1973-இல் பத்மஸ்ரீ கிடைத்தது. சாதாரணமாகப் பார்த்தால் இது நிறைவான வாழ்க்கை. ஆனால் முகாமில் வரிசையாக உட்கார்ந்திருந்தவர்கள் அவருக்கு வேறு கணக்கைச் சொன்னார்கள். 1986-89-இல் நடந்த தேசிய ஆய்வு, நாட்டின் பார்வையிழப்பில் 80 சதவீதம் கண்புரையால் வருவது என்று பின்னாளில் எழுத்தில் காட்டியது. முகாம்களில் உட்கார்ந்து பார்த்தவர்களுக்கு அது முன்பே தெரியும். கண்ணின் லென்ஸ் வயதாக ஆக மங்கி வெளிச்சத்தை மறைப்பதுதான் புரை. மங்கிய லென்ஸை எடுத்துவிட்டால் பெரும்பாலும் பார்வை திரும்பிவிடும். அதாவது பார்வை இழந்தவர்களில் பெரும்பான்மையினர் சில நிமிட அறுவை சிகிச்சையில் குணமாகக்கூடியவர்கள். மருத்துவர் எத்தனை பேர், ஒருவர் ஆண்டுக்கு எத்தனை கண்களைத் தொடமுடியும், புதிதாக எத்தனை பேருக்குப் புரை முற்றுகிறது என்று பெருக்கிக் கழித்துப் பார்த்தால், வழக்கமான வேகத்தில் போனால் வரிசை நீண்டுகொண்டேதான் போகும். நல்ல மருத்துவராக இருப்பது இந்தக் கணக்குக்கு விடையாகாது. மருத்துவர் ஒருவரின் ஒரு மணி நேரம் எத்தனை பேருக்குப் பயன்படுகிறது என்பதை மாற்றியாக வேண்டும்.

1976-இல் மதுரையில் ஒரு வாடகை வீட்டில் 11 படுக்கைகளோடு அரவிந்த் தொடங்கியது. வங்கிகள் கடன் தரவில்லை. குடும்பத்தார் வீட்டையும் நகைகளையும் அடகு வைத்தார்கள். இதே ஆண்டில்தான் பார்வையிழப்புத் தடுப்புக்கான தேசியத் திட்டத்தையும் இந்திய அரசு தொடங்கியது. அரசு செய்யத் தொடங்கிய வேலைக்குத் தனியாக ஒருவர் எதற்கு என்று அன்று யாராவது கேட்டிருந்தால், அது நியாயமான கேள்விதான். விடை அறுவை அரங்கத்தில் இருந்தது. அமெரிக்காவில் பார்த்த மெக்டொனால்ட்ஸ் கடைகளைப் பற்றி அவர் வியந்து பேசுவது வழக்கம். சாப்பாட்டை அவர் வியக்கவில்லை. எந்த ஊரில் நுழைந்தாலும் ஒரே தரம், அதைச் செய்கிறவர்கள் சாதாரண இளைஞர்கள், ஒவ்வொரு அசைவும் பயிற்சியால் வந்தது என்பதை வியந்தார். அரவிந்தின் அறுவை அரங்கில் ஒரு மருத்துவருக்கு இரண்டு மேசைகள். ஒன்றில் அறுவை நடக்கும்போது அடுத்தவர் பக்கத்து மேசையில் தயாராகப் படுத்திருப்பார். பார்வைப் பரிசோதனை, மருந்து போடுவது, தயார்செய்வது, தைரியம் சொல்வது என எல்லாவற்றையும் பயிற்சி பெற்ற பெண் ஊழியர்கள் செய்துமுடிக்க, மருத்துவர் மட்டுமே செய்யக்கூடியதை மட்டும் மருத்துவர் செய்வார். இப்படி ஒரு மருத்துவர் ஆண்டுக்குச் சுமார் 2,000 அறுவை சிகிச்சைகள் செய்ய முடிந்தது. நாட்டின் பொதுவான சராசரி அப்போது சில நூறுகளில் இருந்தது.

கண்ணைத் தொழிற்சாலைச் சரக்கு மாதிரி வரிசையில் வைத்து அறுப்பதா, தரம் என்ன ஆகும் என்ற ஆட்சேபம் இங்கே எழும். எழத்தான் வேண்டும், ஏனென்றால் வேகம் பல இடங்களில் அலட்சியத்துக்கு இன்னொரு பெயர். ஆனால் ஒரே வேலையை நாள்தோறும் பல முறை செய்கிற கை, வாரத்துக்கு இரண்டு முறை செய்கிற கையைவிடத் தேர்ந்திருக்கும் என்பது அறுவை மருத்துவத்தில் பரவலாக ஒப்புக்கொள்ளப்படுவது. இன்னொரு நன்மையும் உண்டு. எண்ணிக்கை பெரிதாக இருந்தால்தான் அரிய தவறுகள் கண்ணில் படும். அறுவைக்குப் பின் கண்ணுக்குள் வரும் கிருமித்தொற்று ஆயிரத்தில் ஒருவருக்குக்கூட வராதது. நூறு பேருக்கு அறுவை செய்யும் மருத்துவமனை அதைப் பற்றி எதையும் கற்கவே முடியாது. அரவிந்த் மருத்துவர்கள் ஏறக்குறைய 6 லட்சம் அறுவைகளின் பதிவுகளை ஆராய்ந்து 2017-இல் வெளியிட்ட கட்டுரையில், அறுவை முடிவில் கண்ணுக்குள்ளேயே மாக்சிஃப்ளாக்ஸசின் மருந்தைச் செலுத்தத் தொடங்கிய பிறகு இந்தத் தொற்று 0.07 சதவீதத்திலிருந்து 0.02 சதவீதமாகக் குறைந்ததைக் காட்டினார்கள். டாக்டர் வி மறைந்து பதினொரு ஆண்டு கழித்து வந்த முடிவு இது. எண்ணிக்கொண்டே இருக்கும் பழக்கம் நிறுவனத்தில் தங்கியிருந்ததால் வந்தது.

அடுத்த ஆட்சேபம் இன்னும் அடிப்படையானது. இதெல்லாம் அறக்கட்டளை, இவரை எப்படித் தொழில்முனைவர் என்பது? இலவசமாகக் கொடுப்பவருக்கும் சந்தையில் விற்பவருக்கும் என்ன ஒப்பீடு? இந்தக் கேள்வியில் ஒரு தவறான அனுமானம் இருக்கிறது. அரவிந்த் நன்கொடையை நம்பி நடக்கவில்லை. பணம் கட்டுகிறவர்களும் உண்டு, கட்டாதவர்களும் உண்டு. சரிபாதிக்கு மேற்பட்டவர்கள் இலவசமாகவோ மிகக் குறைந்த கட்டணத்திலோ சிகிச்சை பெற, கட்டுகிறவர்களின் கட்டணத்திலேயே மொத்தச் செலவும் அடங்கி, புதிய மருத்துவமனை கட்ட மிச்சமும் நின்றது. யார் ஏழை என்று வருமானச் சான்றிதழ் கேட்பதில்லை. எந்தப் பிரிவுக்குப் போவது என்பதை நோயாளியே தீர்மானிப்பார். பணம் கட்டினால் தனியறை, வசதிகள் கூடும். அறுவை செய்யும் மருத்துவர்கள் இரண்டு பக்கமும் மாறிமாறி வேலை செய்கிறவர்கள். ஏமாற்றுகிறவர்கள் வரமாட்டார்களா என்று கேட்கலாம். சிலர் வந்திருப்பார்கள். ஆனால் சான்றிதழைச் சரிபார்க்க ஆள் போட்டு, விசாரித்து, திருப்பியனுப்பும் செலவையும், அந்த அவமானத்துக்குப் பயந்து உண்மையான ஏழை வாசலிலேயே நின்றுவிடுவதையும் கூட்டிப் பார்த்தால், ஏமாற்றுகிறவரைச் சும்மா விட்டுவிடுவது மலிவு. நல்ல மனசு எடுத்ததுபோலத் தெரிகிற பல முடிவுகள் உள்ளே தொழிலறிவு எடுத்தவை என்பதற்கு இது ஓர் உதாரணம். ஹார்வர்ட் வணிகப் பள்ளி 1993-இல் அரவிந்தைப் பாடமாக எழுதியதும், மேலாண்மை அறிஞர் சி.கே. பிரகலாத் தன் நூலில் அதை எடுத்துக்கொண்டதும் அறச்செயலைப் பாராட்டுவதற்காக அல்ல. விலைக்கும் அளவுக்கும் உள்ள உறவைக் காட்டுவதற்காக.

விலை என்று வரும்போது லென்ஸ் கதையில் கொஞ்சம் நின்று போகவேண்டும், ஏனென்றால் டாக்டர் வி-யின் கணக்கு மிகத் தெளிவாகத் தெரிவது அங்கேதான். பழைய முறையில் புரை விழுந்த லென்ஸை எடுத்துவிட்டு, அதற்கு ஈடாகச் சோடாபுட்டிக் கண்ணாடி கொடுப்பார்கள். கண்ணாடி உடைந்தால் மறுபடி இருட்டு. போட்டிருக்கும்போதும் பொருள்கள் பெரிதாகித் தெரியும், பக்கவாட்டில் சரியாகத் தெரியாது. கண்ணுக்குள்ளேயே சிறு பிளாஸ்டிக் லென்ஸைப் பொருத்தும் முறை எண்பதுகளில் பரவியபோது இந்தக் குறைகள் தீர்ந்தன. ஆனால் வெளிநாட்டிலிருந்து வந்த லென்ஸ் ஒன்றின் விலை சுமார் நூறு டாலர். ஆக, காசு உள்ளவருக்கு லென்ஸ், இல்லாதவருக்குச் சோடாபுட்டி என்று ஒரே கூரையின் கீழ் இரண்டு பார்வைகள் உண்டாகும் நிலைமை. ஏழை நாடுகளுக்குக் கண்ணாடியே போதும், லென்ஸ் கட்டுப்படியாகாது என்று சொன்ன வல்லுநர்கள் அன்று குறைவில்லை. அவர்கள் பொய் சொல்லவில்லை. அன்றைய விலையைச் சொன்னார்கள். டாக்டர் வி கேட்டது, இந்த விலை ஏன் இந்த விலையாக இருக்கிறது என்பது. மூலப்பொருள் ஒரு துளி பிளாஸ்டிக். விலையில் பெரும்பகுதி தொழில்நுட்பம், உரிமம், சந்தை. சேவா அறக்கட்டளையும் டேவிட் கிரீன் என்ற அமெரிக்கரும் தொழில்நுட்பத்தைக் கொண்டுவர உதவ, 1992-இல் மதுரையில் ஆரோலேப் என்ற லென்ஸ் தொழிற்சாலை தொடங்கியது. முதலில் பத்து டாலர் அளவில் விற்று, பின்னர் இன்னும் கீழே இறங்கியது. இன்று அது நூற்றுக்கும் மேற்பட்ட நாடுகளுக்கு லென்ஸ் அனுப்புகிறது. கண் மருத்துவமனை நடத்துகிறவர் தொழிற்சாலை ஏன் தொடங்கவேண்டும் என்ற கேள்விக்கு, கணக்கு அங்கே போய் முட்டியது என்பதைத் தவிர வேறு விடை இல்லை.

இதுவரை சொன்னதைக் கேட்டுவிட்டு ஒருவர், சரி, ஆனால் இவர் தனி ஆளா என்று கேட்பார். இல்லை. இதைச் சொல்லாமல் விட்டால் நாமும் இன்னொரு தனிநாயகக் கதையைத்தான் சொன்னவர்களாவோம். தங்கை டாக்டர் நாச்சியார், அவர் கணவர் டாக்டர் நம்பெருமாள்சாமி, தம்பி ஜி. சீனிவாசன், இன்னும் குடும்பத்திலிருந்து ஒவ்வொருவராக வந்த மருத்துவர்களும் நிர்வாகிகளும் சேர்ந்து எழுப்பியது அரவிந்த். ஆரம்ப ஆண்டுகளில் அவர்கள் வெளியே கிடைத்திருக்கக்கூடிய சம்பளத்தைவிட மிகக் குறைவாக வாங்கிக்கொண்டு மிக அதிக நேரம் உழைத்தார்கள். திருமணம் செய்துகொள்ளாத மூத்த அண்ணனின் சொல்லுக்கு அந்தக் குடும்பத்தில் இருந்த எடையை எந்த மேலாண்மைப் பள்ளியும் கற்பிக்க முடியாது. அண்ணன் வைத்திருந்த ஆன்மிக நம்பிக்கையும் கூட இருந்தது; மருத்துவமனையின் பெயரே ஸ்ரீ அரவிந்தரின் பெயர். இருபது ஆண்டு அரசுப் பணி அவருக்குக் கைத்திறனையும் ஊரின் நம்பிக்கையையும் கொடுத்திருந்தது. இந்த முதலீடுகள் எதுவும் வங்கிக் கணக்கில் தெரியாதவை. ஆகவே, அவரிடம் ஒன்றுமே இல்லை, 11 படுக்கைதான் இருந்தது என்று சொல்வது உண்மையில் பாதி. எதுவுமில்லாமல் தொடங்கி வென்றவர் என்று எந்தத் தொழிலதிபரைப் பற்றிப் படித்தாலும், அந்த ஒன்றுமில்லாததற்குள் யார் யாருடைய கூலியில்லாத உழைப்பு இருந்தது என்று தேடிப் பார்ப்பது நல்லது.

அந்தக் கேள்வியைக் குடும்பத்துக்கு வெளியேயும் கேட்கவேண்டும். அரவிந்தின் அன்றாட வேலையைத் தாங்குகிறவர்கள் கிராமத்துப் பெண்கள். பள்ளிப் படிப்பை முடித்ததும் சேர்த்துக்கொண்டு, இரண்டு ஆண்டுகள் பயிற்சி கொடுத்து, பரிசோதனை முதல் அறுவை உதவி வரை எல்லாவற்றுக்கும் அவர்களைத் தயார்செய்கிறார்கள். வெளியே எளிதில் வேலை கிடைக்காத பெண்ணுக்குச் சொந்த வருமானமும் ஊரில் மரியாதையும் கிடைத்தது என்பது ஒரு பக்கம். கடும் உழைப்பு, வேலையின் கறார் ஒழுங்கு, திருமணத்தோடு பலர் விலகிப்போவது என்பது இன்னொரு பக்கம். மருத்துவரின் நேரத்தைப் பல மடங்காக்கியது இவர்களுடைய நேரம்தான் என்னும்போது, அதில் அவர்களுக்கு உரிய பங்கு என்ன என்பது டாக்டர் வி-யை வியப்பவர்களும் கேட்டே தீரவேண்டிய கேள்வி. உயர்ந்த நோக்கம் இருக்கிறது, எனவே குறைந்த சம்பளத்தில் வேலை செய்யுங்கள் என்று ஊழியர்களிடம் சொல்கிற இளம் நிறுவனர்கள் இன்று நிறைய இருக்கிறார்கள். தன் பங்குக்கு ஒன்றும் எடுத்துக்கொள்ளாமல் அரசு ஓய்வூதியத்தில் வாழ்ந்த ஒருவர் அப்படிக் கேட்டதற்கும், நிறுவனத்தின் பங்குகளைத் தன் பெயரில் வைத்துக்கொண்டு ஒருவர் கேட்பதற்கும் உள்ள தூரம் சின்னதல்ல.

இன்னோர் ஆட்சேபத்தை என்னால் முழுதாக மறுக்க முடியாது. கண்புரை ஒரு விசேஷமான நோய். அறுவை சிறியது, பெரும்பாலும் ஒரே மாதிரியானது, ஒருமுறை செய்தால் முடிந்தது, பலன் மறுநாளே தெரியும். இதயத்துக்கோ மனநோய்க்கோ பள்ளிக்கூடத்துக்கோ இந்த முறையை அப்படியே தூக்கிக்கொண்டு போகமுடியாது. உண்மைதான். டாக்டர் வி ஒரே முறைக்குள் அடக்கியது, அப்படி அடக்கக்கூடிய ஒன்றை. ஆனால் எந்தப் பிரச்சினையை எடுப்பது என்பதும் திறமையில் சேர்ந்ததுதானே. கண்ணில் நூறு நோய்கள் உண்டு. பார்வையிழப்பில் ஐந்தில் நான்கு பங்கை உண்டாக்குகிற, மலிவாகத் தீர்க்கக்கூடிய ஒன்றை முதலில் எடுத்ததும் எண்ணியதன் விளைவே. சுவாரசியமான நோயைத் தேடிப் போகிற மருத்துவர் உண்டு, அதில் தவறில்லை. சுவாரசியமில்லாத, ஆனால் ஏராளமானவர்களைத் துன்புறுத்துகிற நோயோடு முப்பது ஆண்டு குடித்தனம் நடத்த வேறு மாதிரி மனசு வேண்டும்.

எண்ணுகிறவருக்கு ஒரு தொல்லை உண்டு. தன் தோல்வியையும் எண்ணவேண்டி வரும். முகாம்களில் கண்ட முதல் தோல்வி, இலவசம் என்று சொல்லியும் பலர் அறுவைக்கு வராமல் போனது. கேட்டுப் பார்த்தபோது தெரிந்தது, மருத்துவமனைக்கு வரப் பேருந்துக் காசு இல்லை, துணைக்கு வருகிறவரின் கூலி போகும், சாப்பாட்டுக்கு வழியில்லை, பயமும் இருக்கிறது என்பது. இலவச அறுவையின் விலை ஏழைக்குப் பூஜ்யமாக இல்லை. முகாமிலிருந்து பேருந்தில் கூட்டிவந்து, சாப்பாடு போட்டு, மறுபடி ஊரில் கொண்டுபோய் விடும் ஏற்பாடு அதற்குப் பிறகு வந்தது, வருகிறவர்களின் எண்ணிக்கையும் ஏறியது. இதைவிடப் பெரிய அடி 1999-இல் வெளியான ஓர் ஆய்வு. தென்தமிழ்நாட்டுக் கிராமங்களில் கண் சிக்கல் உள்ளவர்களில் கண் முகாமுக்கு வந்தவர்கள் வெறும் 7 சதவீதம் பேர் என்றது அது. உலகமே மதுரைக்கு வந்து பாடம் படித்துக்கொண்டிருந்த நேரம். அந்த ஆய்வை எழுதியவர்களில் அரவிந்தைச் சேர்ந்தவர்களும் இருந்தார்கள். வந்தவர்களை எண்ணிப் பெருமைப்பட்டுக்கொண்டிருக்கலாம், யாரும் குறை சொல்லியிருக்கமாட்டார்கள். வராதவர்களை எண்ணப் போனதால்தான் முகாம் என்ற முறையே போதாது என்று புரிந்து, சிற்றூர்களில் நிரந்தரமாக இயங்கும் சிறு கண் நல மையங்கள் இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் முளைத்தன. பயிற்சி பெற்ற ஊழியர் கண்ணைப் பரிசோதிப்பார், தொலைவிலிருக்கும் மருத்துவர் இணையம் வழியாக நோயாளியிடம் பேசுவார்.

வராதவர்களையும் சேர்த்து எண்ணினால் போட்டியாளர் பற்றிய பார்வையும் மாறிவிடுகிறது. நாட்டில் பார்வையிழந்தவர் எத்தனை பேர் என்பதுதான் கணக்கு என்றால், இன்னொரு மருத்துவமனை செய்யும் அறுவையும் அதே கணக்கில் வரவாகும். 1992-இல் லயன்ஸ் சங்கத்தோடு சேர்ந்து மதுரையில் லைகோ என்ற பயிற்சி நிறுவனத்தை அரவிந்த் தொடங்கி, தன் வேலைமுறை முழுவதையும் கேட்டவர்களுக்கெல்லாம் கற்றுக்கொடுத்தது. இந்தியாவிலும் வெளிநாடுகளிலும் நூற்றுக்கணக்கான கண் மருத்துவமனைகள் அங்கே பயின்றன. தொழில் ரகசியத்தைக் காப்பாற்றுவதுதான் தொழிலின் முதல் பாடம் என்று படித்த ஒருவருக்கு இது பைத்தியக்காரத்தனமாகத் தெரியும். கைபேசி செயலி விற்கிற தொழிலில் அது பைத்தியக்காரத்தனமாகவே இருக்கலாம். எல்லாத் தொழிலுக்கும் ஒரே விடை கிடையாது. எதை எண்ணுகிறோம் என்பது முதலில் தீர்மானமாகவேண்டும்; தன் வாடிக்கையாளரை எண்ணுகிறவர் ரகசியத்தைப் பூட்டுவார், நோயை எண்ணுகிறவர் திறந்துவிடுவார்.

இப்போது அந்தக் கணக்கே மாறிக்கொண்டிருக்கிறது. 2015-19-இல் நடந்த தேசிய ஆய்வில் பார்வையிழப்பின் அளவு வெகுவாகக் குறைந்திருந்தது. கண்புரை அதில் மூன்றில் இரண்டு பங்காக இறங்கியிருந்தது. அந்த இடத்தைப் பிடிக்க வருபவை சர்க்கரை நோயால் விழித்திரை கெடுவது, கண்ணழுத்த நோய் போன்றவை. அவை ஒரே அறுவையில் தீராது. வலியோ மங்கலோ இல்லாதபோதே பரிசோதனைக்கு வரவேண்டும், வாழ்நாள் முழுக்க வந்துகொண்டிருக்கவேண்டும். இரண்டு மேசை முறையால் இதற்குப் பெரிய பயனில்லை. விழித்திரைப் படத்தைப் பார்த்துப் பாதிப்பைக் கண்டுபிடிக்கக் கூகுள் ஆராய்ச்சியாளர்கள் கணினிக்குக் கற்றுக்கொடுத்து 2016-இல் முடிவுகளை வெளியிட்டார்கள். அதற்குப் பயன்பட்ட இந்தியப் படங்களில் அரவிந்தின் படங்களும் இருந்தன. படத்தைப் பார்த்துச் சொல்லும் வேலை இனி மலிவாகிவிடும். சிகிச்சை தேவை என்று சொல்லப்பட்ட ஒரு விவசாயக் கூலி, கண் நன்றாகத் தெரிகிற நிலையில், ஒரு நாள் கூலியை இழந்து மூன்று மாதத்துக்கு ஒருமுறை பேருந்து ஏறுவாரா, எத்தனை பேர் ஏறுவார்கள், ஏறாதவர்களுக்கு என்ன ஏற்பாடு என்பதை இனிமேல்தான் யாராவது எண்ணவேண்டியிருக்கிறது.